எப்போ ஆரம்பிச்சது?

காலை ஐந்தரைக்குக் குளியலறைக் குழாய் திறந்தால் அன்றைக்குப் படுக்கை ஈரம் என்று அர்த்தம். ரொட்டிக்காரர் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். முதலில் வாளி இழுபடும். பிறகு தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தம் எழும்பாதபடி வாளியின் ஓரத்தில் வழிந்து இறங்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பதவிசு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு மிச்சமிருந்ததில்லை.

எழுந்து போய்ப் பார்த்தால் மகள் ஸ்டூல் மேல் நின்று விரிப்பைப் பிழிந்துகொண்டிருப்பாள்.

"விடு பன்னு, நான் பாத்துக்கறேன்."

"முடிச்சிட்டேன்பா. பிழியறது மட்டும்தான் வர மாட்டேங்குது."

"குடு."

பன்னு என்பது வீட்டுப் பெயர். பிறந்தபோது கன்னம் இரண்டும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி உப்பியிருந்ததைப் பார்த்து மனைவி வைத்தது. பேக்கரிக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறு என்ன தோன்றும் என்று சொல்லிச் சிரித்தாள். இப்போது பிள்ளைக்குக் கன்னம் வற்றிவிட்டது. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

மனைவி போய் எட்டு மாதம். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள், அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிகிற வரை அவளுடைய அக்கா வந்து பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். இரண்டாம் நாள் காலையிலேயே மெத்தை நனைந்திருந்தது. "அம்மா ஏக்கம்" என்று அக்கா சொல்லிவிட்டாள். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அவரும் நம்பினார்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. பிள்ளை ஒரு சொட்டு அழவில்லை. அம்மாவை வெளியே எடுத்தபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் அழாததை உடம்பு வேறு வழியில் அழுது தீர்க்கிறது என்று அவர் மனதுக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டார். வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் உண்டு. ஈர விரிப்பைக் கையில் வாங்கும்போது, இந்த வீட்டில் அவளை நினைத்துக்கொண்டிருப்பது நான் ஒருத்தன் மட்டும் இல்லை என்று அவருக்கு ஓர் ஆறுதல்.

ஆனால் ஆறுதலை வைத்துக்கொண்டு விரிப்பு காய்வதில்லை. வாரத்தில் நாலு நாள், சில வாரம் ஐந்து. யார் எது சொன்னாலும் செய்து பார்த்தார். பேக்கரியில் பொட்டலம் கட்டுகிற அக்கா, மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீரே கொடுக்காதீர்கள் என்றாள். கொடுக்கவில்லை. யாரோ அலாரம் வைத்து எழுப்பச் சொன்னார்கள். வைத்தார். அது அடித்து ஓய்ந்தது, அப்பனும் மகளும் அசையவில்லை. ஒருநாள் பொறுமை போய், "நீ என்ன இன்னும் கைக்குழந்தையா?" என்று கத்திவிட்டார். "மன்னிச்சுக்குங்கப்பா" என்று அவள் உடனே சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. 

கடைசியில் மனைவியின் அக்காதான் ஒரு வழி சொன்னாள். "இந்த வீட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் அவ முகம்தான் தம்பி. பிள்ளை எப்படித் தேறும்? ஸ்கூல் லீவு விட்டதும் என்கிட்ட விட்டுடுங்க. என் வீட்ல ரெண்டு இருக்கு, மூணா இருந்துட்டுப் போகட்டும். அங்கேயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன்." அவர் சரி என்றார். சரி என்றபோது எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. போனை வைத்ததும் அதைவிடப் பெரிதாக ஒன்று தோளில் ஏறி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடும்படி அக்கா சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு கேட்கப் போனபோது பேக்கரி மேஸ்திரி முகம் மலர்ந்தார்.

"தாராளமா போங்க. ஞாயித்துக்கிழமை பிள்ளையை அனுப்பிடுவீங்கல்ல? திங்கக்கிழமை ராத்திரி ஓவனுக்கு வந்துடுங்க. நீங்க போனதிலேர்ந்து ரொட்டி ஒரு பக்கம் சிவக்குது, இன்னொரு பக்கம் மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்குது."

"மனுஷன் இப்பத்தான் பகல் வெளிச்சத்தையே பாக்கறார், அது பொறுக்கலையா உங்களுக்கு?" என்றாள் பொட்டலம் கட்டுகிற அக்கா, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினாலு வருடம் அவர் ராத்திரி ஓவனில் நின்றவர். இரவு ஒன்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப ஏழரை. தட்டை வெளியே இழுக்காமல், வாசனையை வைத்தே ரொட்டி வெந்ததா என்று சொல்லிவிடுவார். மனைவி போன பிறகு பிள்ளையைத் தனியே விட முடியாமல் பகல் வேலை கேட்டு வாங்கி, ஆறிப்போன ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா வயதானவர். மேசையில் டீ, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. எத்தனை நேரமாக மூடியிருந்ததோ. பன்னுவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அவரிடம் கேட்டார்.

"எப்போ ஆரம்பிச்சது?"

"எட்டு மாசமாங்க. இவ அம்மா தவறினதிலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?"

"இல்லைங்க. சின்ன வயசுலயே நிறுத்திட்டா."

"நீங்க பாத்தீங்களா?"

"எதைங்க?"

"காலையில படுக்கை காஞ்சிருந்ததை."

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். ஏழரைக்கு அவர் உள்ளே நுழையும்போது படுக்கை சுருட்டியிருக்கும், பிள்ளை சீருடையில் நின்று பால் குடித்துக்கொண்டிருக்கும். வார விடுமுறையில் அவர் முன்னறையில் விழுந்தால் மறுநாள் வெயில் ஏறித்தான் எழுவார். அம்மாவும் மகளும் உள்ளறையில் படுப்பார்கள்.

"நான் ராத்திரி வேலைங்க. இருந்தா வீட்ல சொல்லியிருப்பாளே" என்றார்.

 டாக்டர் நாற்காலியைப் பிள்ளை பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்கூல்ல எத்தனை தடவை பாத்ரூம் போவே?"

"போக மாட்டேன்."

"ஒரு தடவைகூடவா?"

"தாழ்ப்பாள் இல்லை. பசங்க தள்ளி விட்டுட்டு ஓடுவாங்க. அதனால தண்ணி குடிக்க மாட்டேன்."

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து குடிப்பியா?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. அவர், "நாலு மணிக்கு மேல குடுக்கறதில்லைங்க, சொன்னாங்க" என்றார்.

"அப்போ இது எப்போதான் தண்ணி குடிக்கும்? அது என்ன கள்ளிச்செடியா?" டாக்டரம்மாவுக்குக் கோபமா அலுப்பா என்று தெரியவில்லை. வெளிக்குப் போவது மூன்று நாளைக்கு ஒரு தடவை என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மேசையில் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இங்க கல்லு மாதிரி கட்டியிருக்கு பாருங்க. அது பக்கத்துல இருக்கிற சிறுநீர்ப்பையைப் போட்டு நெருக்குது. நாள் முழுக்க அடக்கி வெச்சுப் பழகினதுக்கு ராத்திரி பிடி இருக்காது." பிறகு பிள்ளையிடம் திரும்பி, பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "காலையில எழுந்து பாத்தா நனைஞ்சிருக்கு. நீ என்ன பண்ணுவே?"

அதுவரை ஒற்றைச் சொல்லாகப் பதில் சொன்ன பன்னு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல விரிப்போட நாலு மூலையையும் நடுவுக்குக் கொண்டு வரணும், ஈரம் உள்ள போற மாதிரி. அப்புறம் வாளியில பச்சைத்தண்ணி. வெந்நீர் ஊத்தக் கூடாது, வாடை தங்கிடும். அடியில இருக்கிற ரப்பர் ஷீட்டைத் துணியால துடைச்சு நிழல்ல போடணும், வெயில்ல போட்டா வெடிச்சிடும். அப்புறம் குளிச்சுட்டு ஜன்னலைத் திறந்து வைக்கணும். எல்லாத்தையும் ஏழு மணிக்குள்ள முடிச்சிடணும்."

"அதென்ன ஏழு மணி?"

பிள்ளை உதட்டைக் கடித்தது.

ரொட்டிக்காரருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எட்டு மாதமாக அவர் ஏழு மணிக்கு வீட்டில்தான் இருக்கிறார். ஏழுக்குள் எதையும் முடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஏழரைக்கு அவர் கதவைத் தட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த ரப்பர் ஷீட்டை மனைவியின் அக்கா வாங்கி வந்தாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"எத்தனை வருஷமா இப்படி?" டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"சொல்லக் கூடாது."

"யார் சொன்னா?"

"அம்மா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "வெளிய பெஞ்சு இருக்கு. அப்பாவும் பொண்ணும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. நானும் இந்த டீயைக் குடிச்சாகணும்."

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதிரே சுவரில் பல் தேய்க்கிற படம். அவர் அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா ஏன் என்கிட்ட சொல்லக் கூடாதுன்னா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"எனக்கென்ன கஷ்டம்?"

"தெரியாது. அப்பாவுக்கு அந்தப் பேச்சே ஆகாதுன்னாங்க."

அவருக்குத் தெரிந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம் அவருடைய தங்கை வீட்டில் விருந்து. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தங்கை விளையாட்டாகப் புதுப்பெண்ணைப் பார்த்து, "எங்க வீட்டுக் கப்பல்காரனைக் கட்டிக்கிட்டீங்களே அண்ணி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்துப் புரையேறினார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பதினோரு வயது வரை தெரு முழுக்க இருந்தது. காலையில் அவருடைய அப்பா ஈரப் பாயை எடுத்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசல் சுவரில் தொங்கவிடுவார். வெட்கம் வந்தால் நின்றுவிடும் என்று அப்பாவுக்கு ஒரு எண்ணம். வெட்கம் வந்தது, வேறொன்றும் நிற்கவில்லை.

விருந்தில் அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். பஸ் நிறுத்தத்தில் இருட்டுகிற வரை உட்கார்ந்திருந்தார். புது மனைவி தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. நம்ம வீட்டுக்கு எந்த பஸ் என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் யாரோடும் பேசவில்லை. அவளும் அந்தப் பேச்சைப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் இந்த அளவுக்கு எடுக்கவில்லை. அவருக்குப் பிறந்த பிள்ளைக்கு அதே இருந்தும், வருடக்கணக்காக ஒற்றை ஆளாகத் துவைத்து, காயவைத்து, ஏழு மணிக்குள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.

"நானும்தான்" என்றார்.

"என்ன நீங்களும்?"

"படுக்கையில. பதினோரு வயசு வரைக்கும்."

பன்னு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மீசையிலிருந்து செருப்பு வரை.

"நிஜமாவா? பதினொண்ணா?" விரலை மடக்கினாள். "அப்போ எனக்கு இன்னும் மூணு வருஷமா!"

"அவ்வளவெல்லாம் ஆகாது. எனக்கு யாரும் டாக்டர்கிட்ட காட்டலை. அடிதான் விழுந்தது. பாயைத் தூக்கி வாசல்ல தொங்கவிடுவாங்க."

"வாசல்லயா? எல்லாரும் பாப்பாங்களே!"

"பாக்கறதுக்குத்தான்."

"அது தப்பில்ல?"

"தப்புதான்."

அவள் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள். "எனக்கு எப்பவுமே இப்படித்தான்பா. அம்மா பத்து மணிக்கு ஒரு தடவை, விடிகாலையில ஒரு தடவை தூக்கிட்டுப் போய் உக்கார வைப்பாங்க. அப்போ நனையாது. அம்மா அசந்து தூங்கிட்டா நனைஞ்சிடும். அப்புறம் ரெண்டு பேரும் துவைப்போம். யார் முதல்ல மூலையை மடிக்கிறதுன்னு போட்டி."

"யார் ஜெயிப்பாங்க?"

"அம்மா தோத்துடுவாங்க. வேணும்னே."

அவர் கேட்க நினைத்ததைக் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எட்டு மாதமாக அதை வைத்துத்தானே ஓட்டினார்.

"அப்போ இது... அம்மாவை நெனச்சு வர்றது இல்லையா?"

"தூங்கும்போது வர்றதுப்பா இது. தூங்கும்போது எனக்கு எதுவும் தெரியாது."

"நீ அழவே மாட்டேங்கறியேன்னு பாத்தேன்."

"அழுவேனே. கணக்கு பீரியட்ல அழுவேன்." சாதாரணமாகச் சொன்னாள். "கணக்கு பீரியட்ல நிறையப் பேர் அழுவாங்க. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

 அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கை நீரில் ஊறி ஊறித் தோல் உரிந்திருந்தது. எட்டு மாதத்தில் அதைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

உள்ளே திரும்பியபோது டாக்டர் எதுவும் கேட்கவில்லை. ரொட்டிக்காரரே சொன்னார், பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே என்று, தனக்கும் இருந்தது என்று. அந்தச் சொற்களை ஓர் அந்நியர் முன்னால் சொல்லி முடித்ததும் நெற்றி வியர்த்துவிட்டது. டாக்டரோ, காய்ச்சல் இருமல் கேட்பதுபோலத் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வர்றது சகஜம். இவ வகுப்புலயே இன்னும் ரெண்டு பேருக்கு இருக்கும், சொல்ல மாட்டாங்க. இது சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, பிள்ளை வேணும்னு பண்றதும் இல்லை. உடம்பு சிலருக்கு மெதுவா கத்துக்கும். துக்கம் வேற இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நீங்க ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி வெச்சிருந்தீங்க. பிரிச்சு வைங்க."

பிறகு வேலையைச் சொன்னார். காலையிலிருந்து பரவலாகத் தண்ணீர், சாயங்காலம் தாகமெடுத்தால் மறுக்கக் கூடாது, படுக்கப் போகும்போது ஒரேயடியாகக் குடிக்காமல் இருந்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை. படுக்கும் முன் ஒரு தடவை, படுத்துக் கதை கேட்டு முடித்த பிறகு இன்னொரு தடவை. வயிறு இளக மருந்து. தாழ்ப்பாளுக்கு நாளைக்கே பள்ளிக்கூடத்தில் போய் நிற்க வேண்டும். நனைந்தால் திட்டக் கூடாது, நனையாத நாளைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் கூடாது.

"ராத்திரியில இவ அம்மா தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சது தப்பாங்க?"

"தப்பில்லை. விரிப்பு காஞ்சிருந்தது, பிள்ளையும் நிம்மதியா இருந்தது. ஆனா அதனால மட்டும் நிக்காது. உங்களால முடியாதப்போ விட்டுடுங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு, ஈரம் பட்டதும் மணி அடிக்கிற கருவி இருக்கு, அதை வெச்சுப் பாக்கலாம். மாசக்கணக்குல ஆகும். அவசரப்படாதீங்க."

"இவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பறதா இருக்கோம். இடம் மாறினா சரியாகும்னு..."

"சிறுநீர்ப்பையும் கூடவேதான் போகும்" என்றார் டாக்டர். "அனுப்பறதுக்கு வேற காரணம் இருந்தா அது உங்க விஷயம். இது காரணம் இல்லை."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டார். நின்றால் மனம் மாறிவிடும் என்று பயம்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை வாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. பிள்ளை இங்கேயே இருக்கட்டும்."

"என்ன தம்பி திடீர்னு? டாக்டர் என்ன சொன்னாங்க?"

சொன்னார். எல்லாவற்றையும், தன்னுடையது உட்பட.  மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது.

"என்கிட்டகூட சொல்லலையே அவ" என்றாள் அக்கா கடைசியில். மூக்கை உறிஞ்சினாள். "சின்ன வயசுல காதுல தோடு தொலைச்சாக்கூட ராத்திரியோட ராத்திரியா வந்து என்கிட்ட சொல்ற கழுதை. கட்டிக்கிட்டுப் போனதும் வாயைத் தைச்சுக்கிட்டா பாருங்க."

"எனக்காகத்தான் அண்ணி."

"தெரியுது, தெரியுது. அதான் ஆத்திரமா வருது."  "சரி, வேலைக்கு? ராத்திரி அடுப்புக்குத் திரும்பணும்னீங்களே?"

"போகலை. வேற ஆளைப் பாக்கச் சொல்லிடறேன்."

"உங்களால முடியுமா தம்பி? முந்தாநாள் பேசும்போது உங்களுக்குக் குரலே எழும்பலை. நான் குறையா சொல்லலை. நிஜமா கேக்கறேன்."

"முடியலைதான் அண்ணி" என்றார். "முடியாமலே பாத்துக்கறேன்."

அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மாதம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருப்பேன், அந்த இரண்டு நாளும் நீங்கள் தூங்க வேண்டும், வேறு எதுவும் செய்யக் கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டாள்.

திரும்பினால் பன்னு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"நான் போகலையா?"

"போகலை. ஏன், போகணும்னு இருந்ததா?"

"இல்லை." விரலால் கதவில் கோடு போட்டாள். "ஆனா போறேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"ஏன்?"

"நீங்க சரியாத் தூங்கவே மாட்டேங்கறீங்களே. நான் இல்லைன்னா தூங்குவீங்கல்ல?"

அவர் உள்ளறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். முந்தின வாரமே அவள் தானாகத் துணியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். மேலே சட்டைகள், நடுவில் பாடப்புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றி இன்னொரு ரப்பர் ஷீட். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அம்மா வாங்கி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டாளாம். பெரியம்மா வீட்டில் யாருக்கும் தெரியாமல் விரித்துக்கொள்ள.

"இதெல்லாம் எங்கெங்க இருந்ததுன்னு சொல்லு. எடுத்து வெச்சிடலாம்."

தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். அவள் வாங்கி அலமாரியில் வைத்தாள். நாலாவது சட்டையோ ஐந்தாவதோ, அவர் கை நீட்டியபடியே நின்றது. கண் மூடிவிட்டது. சட்டையை அவர் விரலிலிருந்து மெதுவாக உருவினாள்.

"அப்பா, ராத்திரி இன்னும் ஏழரைகூட ஆகலை."

"ம்... தெரியுது" என்றார், கண்ணைத் திறக்காமல். "நீ அடுக்கு. இங்கேயேதான் இருக்கேன்."

பாதிப் பெட்டி இன்னும் மிச்சமிருந்தது. அவள் அவரைத் தாண்டித் தாண்டிப் போய் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.